யமுனா வாசிக்க மறுத்த ஆண்டு

சென்ற மாதம் இளம் சிறப்பாசிரியர்களுக்கு ஆரணியில் ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னையும் அழைத்திருந்தார்கள். வாசிப்புக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு செயலி வந்திருக்கிறது. கைபேசியில் தெரியும் பத்தியைப் பிள்ளை சத்தமாக வாசித்தால் போதும். எங்கே தடுமாறியது, எந்த எழுத்தை மாற்றியது என்று பார்த்து அதுவே மதிப்பெண் போட்டுவிடுகிறது. நான் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து செய்த வேலையை அது டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. நல்ல கருவிதான்.

இடைவேளையில், செய்யாறு பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேலையில் சேர்ந்து அதிக நாளாகவில்லை.

"ஸ்கோர் வந்துடுது மேடம். அப்பறம் இன்னா பண்றது? நேத்து ஒரு ஒம்பதாவது படிக்கிற பொண்ணுக்குப் போட்டேன். ரொம்பக் கம்மியா வந்துச்சு. அந்தப் பொண்ணு என் மூஞ்சியவே பாத்துகினு இருக்குது. எனக்குப் பேச்சே வரல."

அவளுக்கு அங்கே என்னால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் கலசப்பாக்கத்துக்காரி. சென்னையில் சிறப்புக் கல்வி படித்துவிட்டு, கல்யாணமாகி ஆரணிக்கு வந்தேன். இந்த வட்டாரத்துப் பள்ளிகளையெல்லாம் முறை வைத்துச் சுற்றுவதுதான் வேலை. முதலில் பஸ்ஸில், பிறகு ஸ்கூட்டியில். கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை என்றால் பள்ளியிலேயே கைகாட்டி அனுப்புவார்கள். வாசிக்க வராத பிள்ளையை யாரும் அனுப்ப மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அங்கே வேறு பெயர் இருக்கும். சோம்பேறி, திமிர் பிடித்தது, அடிக்கடி லீவு போடுவது.

வேலைக்கு வந்த புதிதில் சந்தவாசல் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையனைப் பார்த்தேன். தேர்வு வந்தால் அவன் வலது கையில் கட்டு வந்துவிடும். ஒருநாள் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"எழுதத் தெரியலன்னு சொல்றதுக்கு கை ஒடஞ்சிடுச்சுன்னு சொல்றது மேல் டீச்சர்."

என் படிப்பில் யாரும் சொல்லித்தராத பாடம் அது. பத்து வயதுப் பிள்ளை தெரியவில்லை என்றால் அழும். பதினான்கு வயதுப் பிள்ளை மறைக்கும். எதைக் கொடுத்தாவது மறைக்கும். மறைத்து மறைத்து, ஒரு கட்டத்தில் தன்னையே மறைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும். நாம் போய் நிற்க வேண்டிய இடம் அந்தக் கட்டத்துக்கு முன்னால் இருக்கிறது.

இப்போது யமுனாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். பள்ளியின் பெயரும் வேண்டாம்.

கொரோனா விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த பிறகு நடந்தது இது. அப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்பு துருப்பிடித்திருந்தது. அதனால் யாருக்கு விட்டுப்போன பழக்கம், யாருக்கு உண்மையான சிரமம் என்று பிரித்துப் பார்ப்பது கடினமாக இருந்தது. யமுனா பத்தாம் வகுப்பு. அப்பா குமரேசன் பட்டு நெசவு, வீட்டிலேயே தறி. அம்மா கஸ்தூரி அவருக்குக் கூடமாட வேலை செய்வார். பெண் நன்றாகப் பேசுவாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், விடுமுறைக்கு முன்பு வரை சுமாரான மதிப்பெண். அப்படிப்பட்டவள் திடீரென்று தமிழ் வகுப்பு இருக்கும் நேரமெல்லாம் வயிற்று வலி என்று வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் தமிழாசிரியை அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் புத்தகத்தைத் திறக்காமல் நின்றாள். வாசித்தால்தான் உட்காரலாம் என்றார் ஆசிரியை. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, அவள் வாந்தியெடுத்துவிட்டாள்.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை விமலா அம்மா. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, குரல் உயராத பேச்சு. கடினமான ஒன்றைச் சொல்லப் போகிறார் என்றால் மேசையில் இருக்கும் பேனா, மூக்குக் கண்ணாடி, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் ஓரமாக நகர்த்தி நடுவில் இடம் செய்துகொள்வார். அதைப் பார்த்தாலே ஆசிரியைகளுக்கு வியர்க்கும். "உணர்ச்சிய வெளிய வச்சுட்டு விஷயத்த மட்டும் சொல்லுங்க" என்பதுதான் அவர் வணக்கத்துக்குப் பதில் சொல்லும் முறை. அவர் வந்த நாளிலிருந்து அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அந்த நூறைக் காப்பதற்காகவே அவர் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டில் நிற்பார்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பியதும் அவர்தான்.

"இந்தப் பொண்ணு நடிக்குதா, முடியலையா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நூலக அறையில் யமுனாவை உட்காரவைத்தேன். பாடப்புத்தகத்தை நான் எடுக்கவே மாட்டேன். இந்தப் பிள்ளைகள் பாடத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். படத்தைப் பார்த்ததும் பத்தி முழுவதும் வாயில் வந்துவிடும். அதனால் புதிதாக நானே ஒரு பத்தி எழுதி எடுத்துப் போவேன். கூடவே அர்த்தமில்லாத சொற்கள் சில. 'கொமேறு', 'தளூபை', 'நெழாகி' என்று இருக்கும். தெரிந்த சொல்லை ஊகித்துவிடலாம், இல்லாத சொல்லை ஊகிக்க முடியாது. எழுத்தைப் பார்த்துச் சத்தத்தைக் கூட்டியே ஆக வேண்டும். நம் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. 'கெ' என்றால் கொம்பு முன்னால் நிற்கும், ஆனால் சத்தம் பின்னால் வரும். 'கொ' என்றால் முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு. நமக்கு இது பழகிப்போயிற்று. சில பிள்ளைகளுக்குப் பழகுவதே இல்லை.

யமுனா முதல் சொல்லை வெகுநேரம் பார்த்தாள். "மேகம்" என்றாள். அடுத்ததைப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு, "இது ஏமாத்து வேல டீச்சர். இப்படி ஒரு வார்த்தையே கெடையாது" என்றாள்.

"ஆமா, கெடையாது. நான்தான் எழுதினேன். இவ்ளோ நாள் எப்படிம்மா சமாளிச்ச?"

சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன். சொன்னாள். பக்கத்துத் தெருவில் ஷாலினி என்ற தோழி. தினமும் சாயங்காலம் ஷாலினி சத்தம் போட்டுப் படிப்பாள், யமுனா கேட்டுக்கொண்டே மனதில் வாங்கிக்கொள்வாள். தேர்வில் முன் பெஞ்சில் உட்காரும் ஷாலினி, கேள்வி எண்ணைச் சொல்லி மெல்ல விடையின் முதல் வார்த்தையைச் சொல்வாள். மூன்றாம் வகுப்பிலிருந்து இப்படித்தான். விடுமுறையில் ஷாலினியின் அப்பாவுக்குச் செய்யாறு கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, குடும்பம் அங்கே போய்விட்டது. அத்தோடு யமுனாவின் கண்ணும் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

வாசிப்புச் சோதனை அத்தோடு முடிந்தது. ஆனால் நான் எழுந்துவிடவில்லை. இளம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். வாசிக்கச் சொன்ன பிறகு, தூக்கத்தைப் பற்றிக் கேட்பது என் வழக்கம். பிறகு சாப்பாடு, பிறகு கூட்டாளிகள். யமுனா சரியாகத் தூங்குவதில்லை. மதியச் சாப்பாட்டை நாய்க்குப் போடுகிறாள். அவள் கை வெறுமையாக இருந்தது. போன முறை நான் பள்ளிக்கு வந்தபோது அந்தக் கையில் சிவப்புப் பட்டை வைத்த கடிகாரம் பார்த்த ஞாபகம்.

"வாட்ச் எங்க?"

"பக்கத்து வூட்டுப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். கொலுசும் குடுத்துட்டேன். எனக்கு எதுக்கு?"

அந்த 'எனக்கு எதுக்கு' என் காதில் உறுத்தியது. இப்படிப்பட்ட நேரத்தில் சுற்றி வளைக்கக் கூடாது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்காமல் விட்டால்தான் பிள்ளை தனியாகிவிடும். நான் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"யமுனா, இருக்கவே வேணாம், செத்துப் போயிடலாம்னு எப்பவாச்சும் தோணுதா?"

வெளியே மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எப்பவாச்சும் இல்ல டீச்சர். தெனம்."

"எப்பன்னு ஏதாவது முடிவு பண்ணி வெச்சிருக்கியா?"

"ரிவிஷன் பேப்பர் குடுக்குற அன்னிக்கு. அப்பாகிட்ட அத காட்ட முடியாது."

எனக்குப் பயம்தான். முகத்தில் காட்டவில்லை. அழவில்லை, அறிவுரை சொல்லவில்லை. அவளுக்கு எத்தனை நல்லது காத்திருக்கிறது என்ற பேச்சையும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அதெல்லாம் காதில் ஏறாது.

"எங்கிட்ட சொன்னது ரொம்ப நல்லதும்மா. ஆனா இத நான் ரகசியமா வெச்சுக்க மாட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லப் போறேன். நீயும் கூடவே இருப்ப. உனக்குத் தெரியாம ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்" என்றேன்.

"அப்பா அடிப்பாரு."

"நான் அங்கதான் உக்காந்துகினு இருப்பேன்."

அவளை உடற்கல்வி ஆசிரியையின் துணையோடு தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். விஷயத்தை மட்டும் சொன்னேன். விமலா அம்மா எதையும் ஓரமாக நகர்த்தவில்லை.

"இப்ப அவ தனியா இருக்காளா?"

"இல்லம்மா, வெளிய பெஞ்சுல. பி.டி. டீச்சர் பக்கத்துல இருக்காங்க."

அவரே எழுந்து போய் யமுனாவைக் கூட்டிவந்து, அதிகாரிகள் வந்தால் மட்டும் உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்தார். ஆட்டோவுக்குச் சொன்னார். "நானும் வரேன்" என்றார்.

குமரேசன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆசிரியைகள் மகளோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நான் சொல்ல ஆரம்பித்ததும் அவர் கை ஓங்கினார். கஸ்தூரி நடுவில் வந்து மகளை அணைத்துக்கொண்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். இவளைத் தனியாக விடக் கூடாது. ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, பூட்டி வைக்க வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குத் திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

"மனநலமா? பைத்தியம்னு முத்திர குத்தினு வரச் சொல்றீங்களா?" என்றார் குமரேசன். "நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காட்சி வேணாமா? பொட்டப் புள்ளங்க, ஊரு இன்னா பேசும்?"

 மகள் தலையில் வைத்த கையை எடுக்காமலே கஸ்தூரி சொன்னார்.

"கல்யாணம் பண்றதுக்கு மொதல்ல பொண்ணு இருக்கணும்யா. நீ வரலன்னா போ. நான் இட்டுகினு போறேன்."

மறுநாள் பஸ்ஸில் குமரேசனும் வந்தார். கடைசி சீட்டில், எங்களோடு வராதவர் போல உட்கார்ந்திருந்தார்.

அந்த மருத்துவர் இளம் பெண். யமுனாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். வாசிப்புப் பயிற்சியை என்றைக்கு ஆரம்பிக்கலாம் என்று நான் கேட்டேன்.

"மொதல்ல அவ தூங்கட்டும்மா. சாப்பிடட்டும். வாசிப்பு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். குமரேசனைப் பார்த்து, "இது பைத்தியம் இல்லைங்க. மனசு சோர்ந்துபோச்சு. அதுக்கு மருந்து இருக்கு, குணமாகும். படிக்க வராதது வேற விஷயம். மூளை சிலருக்கு அப்படி அமையும், அறிவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஒண்ணு இன்னொண்ண வளத்துவிட்டுடுச்சு, அவ்ளோதான்" என்றார்.

வாரா வாரம் போனோம். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தன. இடையில் மோசமான நாட்களும் இருந்தன. கஸ்தூரி மகளை விட்டு நகரவில்லை, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். ரிவிஷன் விடைத்தாள் வந்த அன்று விமலா அம்மா அதை யமுனாவிடம் கொடுக்கவில்லை. என் முன்னிலையில் பெற்றோரைக் கூப்பிட்டு, இந்தத் தாள் எதையும் அளக்காது என்று சொல்லி மடித்து உள்ளே வைத்தார்.

ஒருநாள் திரும்பும் வழியில், கலசப்பாக்கம் தாண்டும்போது யமுனா கேட்டாள்.

"எனக்கு மூளையில இன்னாதான் டீச்சர் ஆவுது?"

"அந்த ஊர்ப் பலகைய பாத்தேன்ல? எனக்கு மொத்தமா ஒரே பார்வையில தெரிஞ்சிடுது. உனக்கு ஒவ்வொரு எழுத்தா வருது. அதுங்கள நீ கூட்டி முடிக்கறதுக்குள்ள பஸ் போயிடுது."

"பஸ் மட்டுமா போவுது, பரீட்சையும் போயிடுது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன் சீட்டில் இருந்த குமரேசன் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவர் கடைசி சீட்டிலிருந்து முன்னேறி வந்திருந்தார்.

அவள் சிரித்த பிறகுதான் பாடம் தொடங்கினேன். சத்தம் முதலில், எழுத்து பிறகு. 'கொ' என்பதை மூன்று அட்டைத் துண்டாக வெட்டி, நடுத்துண்டைத் தொட்ட பிறகே மற்றதைத் தொட வேண்டும் என்று பழக்கினேன். ஒரு நாளுக்குக் கொஞ்சம்தான். அவள் பேஜாராகி அட்டையை விசிறியடித்த நாளில் அத்தோடு நிறுத்திவிட்டு வேறு பேசுவோம்.

பொதுத்தேர்வு நெருங்கியது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், அவர்கள் சொல்வதை எழுத ஓர் ஆசிரியரும் தர அரசு விதியிலேயே இடம் இருக்கிறது. மருத்துவச் சான்று தயாராக இருந்தது. பள்ளி அனுப்ப வேண்டும். விமலா அம்மா மேசையில் இருந்ததையெல்லாம் ஓரமாக நகர்த்தினார்.

"உணர்ச்சிய வெளிய வச்சுட்டுப் பேசலாம். இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் தனித்தேர்வரா எழுதட்டும். அவ உடம்புக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது."

"அம்மா, உடம்புக்கு முடியும்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இப்ப நாம வெளிய நிறுத்தினா, இந்தப் பள்ளிக்கூடமும் என்னை வேணாம்னுடுச்சுன்னுதான் எடுத்துக்குவா. அவ கூட்டாளிங்களோட எழுதட்டும். ஃபெயில் ஆனாலும் அவங்களோடயே ஆகட்டும்."

"நூறு போயிடும்."

"போகலாம்மா. நான் போகாதுன்னு சொல்ல மாட்டேன்."

விமலா அம்மா மருத்துவச் சான்றை எடுத்து இன்னொரு முறை படித்தார். பிறகு பச்சை மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை ஆசிரியர் கூட்டத்தில், இனி எந்த வகுப்பிலும் பிள்ளையைக் கட்டாயமாக எழுப்பி வாசிக்கவைக்கக் கூடாது, விருப்பப்பட்டவர் வாசிக்கலாம் என்றார். "அப்பறம் வாசிப்பு எப்படிம்மா வரும்?" என்று தமிழாசிரியை கேட்டார். "வாந்தியெடுத்தா வந்துடுமா?" என்று விமலா அம்மா திருப்பிக் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

சொல்லி எழுதவைப்பதற்கும் பயிற்சி வேண்டும். நான் எழுதுபவளாக உட்கார்ந்தேன். "நான் 'இன்னா'ன்னு சொன்னா அவங்களும் 'இன்னா'ன்னே எழுதிடுவாங்களா டீச்சர்?" என்று யமுனா பயந்தாள். எழுதிவிடுவார்கள், அதுதான் விதி என்றேன். அன்று முதல் அவள் வீட்டில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்தாள். "அம்மா, எனக்குச் சோறு வேண்டும்" என்பாள். கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

தேர்வுகளை எழுதி முடித்தாள்.

முடிவு வரும் நாள் எங்கள் தொழிலில் விழித்திருக்க வேண்டிய நாள். சோர்வு நீங்கிவிட்டது என்று நினைத்த பிள்ளையையும் அந்த ஒரு காலைப்பொழுது சாய்த்துவிடும். முடிவு வெளியாகும் முன்பே அவள் வீட்டில் இருக்க வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினேன். நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போது தறிச் சத்தம் கேட்கவில்லை. உள்ளே போனால், தறிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் விமலா அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர். எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறார்.

"வாங்க" என்றார், அவர் வீடு மாதிரி.

குமரேசனின் கைபேசியில் செய்தி வந்த சத்தம் கேட்டது. அவர் அதை எடுத்தார். மகளிடமிருந்து மறைப்பது போல் கைபேசியைத் தன் பக்கம் திருப்பினார்.

"அவகிட்ட குடுங்க. அவளே படிக்கட்டும்" என்றார் விமலா அம்மா.

யமுனா வாங்கினாள். ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தாள். அவசரப்படவில்லை. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. தமிழ் தேறியிருந்தாள். ஆங்கிலம் ஒட்டித் தேறியிருந்தாள். கணக்கில் விரல் நின்றது. திரும்ப ஒரு முறை வாசித்தாள்.

"கணக்கு போச்சு" என்றாள்.

தெருவில் யார் வீட்டிலோ பட்டாசு வெடித்தது. கஸ்தூரி மகள் முதுகில் கை வைத்தார். குமரேசன் என்னைப் பார்த்தார், நான் யமுனாவைப் பார்த்தேன். அவள் மிச்சமிருந்த வரிகளையும் வாசித்து முடித்தாள். அறிவியலும் சமூக அறிவியலும் தேறியிருந்தாள். கைபேசியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"மறுதேர்வு எப்ப மேடம்?" என்று விமலா அம்மாவிடம் கேட்டாள்.

"சீக்கிரமே. நாளைக்கு வா, பேர் குடுத்துடலாம். கணக்கு டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் அவர். பிறகு கஸ்தூரியிடம், "அதுக்கு முன்னாடி சாப்பாடு போடுங்க. நேத்திலேருந்து ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா" என்றார். எல்லோருக்கும் இட்லி வந்தது. யமுனா சாப்பிட்டாள். நான் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுதேர்வில் அவள் கணக்கைத் தேறினாள். இப்போது செய்யாறில் ஒரு கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். வாசிப்பு இன்றைக்கும் மெதுவாகத்தான் வருகிறது. அதை நான் குணப்படுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்தக் காலையில் நடந்த இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் விமலா அம்மா புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து காப்பாற்றிய நூறு அன்று போயிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் ஸ்கூட்டியைப் பார்த்தார்.

"இதுல ரெண்டு பேர் போலாம்ல?"

"போலாம்மா. வீட்ல எறக்கிவிடட்டுமா?"

"வீட்டுக்கு இல்ல. இன்னிக்குத் தனியா விடக் கூடாத பொண்ணுங்க இன்னும் மூணு பேர் இருக்காங்க. அதுல பாஸான பொண்ணு ஒருத்தியும் இருக்கா, அவ நெனச்சத விட மார்க் கம்மியாயிருக்கும், அவளத்தான் மொதல்ல பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஜல்தியா போங்க."